குளிரே இல்லாத ஊரில் காலில் ஊதா வலைக்கோடு! தேமல் என்று விட்டுடாதீங்க

(காட்சி: உப்புவெளிக் கடற்கரை, காயப்போட்ட மீன் வலை)

வணக்கம் உறவுகளே! திருகோணமலை வெயில் மண்டையைப் பிளக்குது. இந்தச் சூட்டிலும் ஒருவருடைய தொடையில, கெண்டைக்காலில ஊதா நிறக் கோடுகள் மறையாமல் நிக்குதென்றால், இரத்தம் வேண்டாத இடத்தில் உறையுதோ என்று பார்க்கவேணும்.

நோயின் பெயர் அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம், சுருக்கமா ஏபிஎஸ். 1983இல் லண்டன் வைத்தியர் கிரஹாம் ஹியூஸ் விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குது. பின்னணி இவ்வளவு போதும், வாங்க வலைக்கு.

(காட்சி: வலை, கிட்டத்தில்)

இந்தப் பக்கம் கண்ணெல்லாம் முழுசா மூடியிருக்கு. குளிரில் வாற கோடு இப்படித்தான். சூடு பட்டதும் மறைஞ்சிடும். இப்ப கிழிஞ்ச பக்கத்தைப் பாருங்க. கண் அறுந்து, வட்டம் முடியாமல் நிக்குது. ஏபிஎஸ்ஸில் சந்தேகிக்க வேண்டியது இந்த அறுந்த கோலத்தைத்தான். தோலின் சிறு நாடிகளில் ஓட்டம் தடைப்படுறதால வாறது, சூடாக்கினாலும் போகாது. நம்ம நிறத்தில் சிவப்பாத் தெரியாது. கபிலமும் ஊதாவும் கலந்து மங்கலாத் தெரியும். டியூப் லைட்டில் பார்க்காதீங்க, பகல் வெளிச்சத்தில் பாருங்க.

கணுக்காலில் ஆறாத புண், நகத்துக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடுகள், இவையும் வரலாம். விரல் நுனி கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இனி என்னை அசரவைத்த விஷயம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக்கில் சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கு வீடீஆர்எல் என்ற இரத்தச் சோதனை எடுப்பாங்கதானே? அதில் சேர்க்கிற கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு மாட்டு இதயத்தில் இருந்து எடுத்தது. ஏபிஎஸ்ஸில் எதிர்ப்புச் சக்தி உண்டாக்குற எதிர்ப்பொருளும் (அன்ரிபொடி) அதே கொழுப்பில் போய் ஒட்டும். சிபிலிஸ் துளியும் இல்லாத பெண்ணுக்கு பொசிட்டிவ்! வேறு காரணங்களாலும் இப்படி வரலாம். அதனால்தான் உறுதிப்படுத்த இன்னொரு சோதனை இருக்கு. கணவன்மாரே, மாமிமாரே, அந்த முடிவு வரும்வரைக்கும் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நெகட்டிவ் என்று வந்தால், ஏபிஎஸ் இருக்குமோ என்று டொக்டரிடம் கேளுங்க.

வலைக்கோட்டோட திரும்பத் திரும்பக் கரு கலைஞ்சிருந்தால், காலில் இரத்தக்கட்டி வந்திருந்தால், இளவயதிலேயே பாரிசவாதம் வந்திருந்தால், எல்லாத்தையும் ஒரே டொக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்க. எதிர்ப்பொருளுக்கு 3 வகை இரத்தச் சோதனை உண்டு. பொசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 கிழமை விட்டுத் திரும்ப எடுக்கவேணும். சில தொற்றுகளிலும் அது தற்காலிகமா ஏறும்.

இரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பெரும்பாலும், இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்பரின் குளிசை. அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் மருந்து. பிள்ளை பெற யோசிக்கும்போதே டொக்டரிடம் சொன்னால் ஹெப்பரின் ஊசிக்கும் சிறு அளவு அஸ்பிரினுக்கும் மாற்றுவாங்க. நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க.