ஹாப்கின்ஸ் கம்பெனி இல்லை மக்களே, ஆள்!

வணக்கம் மக்களே. லைட்டிங் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பெரிய விளக்கு உயிரை விட்டுவிட்டது. இன்றைக்கு டேபிள் லாம்ப்தான். மூஞ்சியும் கொஞ்சம் கடுகடு என்றுதான் இருக்கும், போன வீடியோவின் கமெண்டுகளை இப்போதுதான் படித்து முடித்தேன்.

போன வீடியோவில் பழைய ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற ஒருவரிடம் டெலஸ்கோப் வாங்கியதைக் காட்டினேன் அல்லவா? புதிதாக வந்தவர்களுக்கு: நிலாவைப் பார்க்கிற டெலஸ்கோப் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் "ஸ்கோப்" என்று கையை நீட்டினால் சிஸ்டர் எடுத்துக் கொடுக்கிற குழாய். 4 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மூக்குக்குள் விட்டு சைனஸ் பார்ப்பதற்கு. அதன் தலைப்பக்கத்தில் ஹாப்கின்ஸ் என்று பொறித்திருக்கிறது. விற்றவர் 9,000 ரூபாயில் ஆரம்பித்தார். ஏன் என்றால், "ஹாப்கின்ஸ் கம்பெனி சார், ஒரிஜினல்." நான் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்கிறேன், அவர் எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். டீ வந்தது, குடித்தோம், மறுபடியும் சண்டை. ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பாகத் தெரிகிறது, யாரோ கீழே போட்டு உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் இறங்கினார். 4,200. என்னைக் கேட்டால் 4,000 நியாயம். அந்த 200 ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

சரி, கோபம் எங்கே என்றால், கமெண்டில் பாதிப் பேர் "ப்ரோ, அது அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி தயாரிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு லைக் வேறு! இல்லவே இல்லை. இது ஹரால்ட் ஹாப்கின்ஸ். 1918இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு இயற்பியல், ஆனால் அவர் செய்ததெல்லாம் சுத்தமான எஞ்சினியர் வேலை. யாராவது வந்து "இது சரியில்லை" என்று புலம்பினால் போதும், லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முதலில் வந்து புலம்பியது பிபிசி. 1940களின் கடைசி. கேமராவில் ஒரு சுழல்தட்டு, அதில் பல லென்ஸ்கள். கிரிக்கெட் காட்டும்போது மைதானம் முழுக்கத் தெரிவதிலிருந்து பேட்ஸ்மேனுக்குப் போகவேண்டும் என்றால் தட்டைத் திருப்பவேண்டும், படம் வெட்டுப்படும். அதற்காக ஹாப்கின்ஸ் ஒரு ஜூம் லென்ஸை உருவாக்கினார். உருவத்தின் அளவு மாறவேண்டும், ஆனால் ஃபோகஸ் நகரக்கூடாது. இந்த ஜூம் பற்றித் தனியாக ஒரு வீடியோ கடன் இருக்கிறது, தெரியும், திட்டாதீர்கள்.

அடுத்து 1951. ஒரு விருந்தில் ஹியூ கெயின்ஸ்பரோ என்ற வயிற்று டாக்டர் அவரிடம் பேசுகிறார். இரைப்பையைப் பார்க்கும் குழாய் விறைப்பாக இருக்கிறது, நோயாளிக்குக் கொடுமை என்கிறார். மிகையில்லை. 1868இல் ஜெர்மனியில் குஸ்மவுல் என்ற டாக்டர் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடித்து வந்தார். நடுவில் 1930களில் கொஞ்சம் வளைகிற குழாய்கள் வந்தன. அதுவும் கொஞ்சம்தான்.

ஹாப்கின்ஸ் யோசித்தது கண்ணாடி இழைகளை. ஒவ்வொரு இழையும் ஒரு புள்ளி வெளிச்சத்தை மட்டும் எடுத்துப்போகும். துடைப்பக் கட்டு மாதிரி ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டினால் முழுப் படம். ஆனால் இந்த முனையில் எந்த ஈர்க்குக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ, அந்த முனையிலும் அதே வரிசை இருக்கவேண்டும். இல்லையென்றால் படம் கூழ். இதில் அவருக்கு மாணவராக வந்தவர் நம் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இருவரும் சேர்ந்து 1954 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை போட்டார்கள்.

இங்கேயும் ஒரு பஞ்சாயத்து. "ஃபைபர் ஆப்டிக்ஸைக் கண்டுபிடித்தது கபானி ஒருவரே" என்று ஒரு ரீல் சுற்றுகிறது, எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் இல்லை. அவர் பெரிய ஆள், சந்தேகமில்லை, இழை வழியாக வெளிச்சம் அனுப்புகிற இந்த வித்தைக்கு ஃபைபர் ஆப்டிக்ஸ் என்ற பெயரைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் வழிகாட்டியின் பெயரை அழித்துவிட்டுப் பெருமை பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நேச்சரின் அதே இதழில் நெதர்லாந்து விஞ்ஞானி வான் ஹீல் எழுதியதும் இருக்கிறது. இழை மேல் இன்னொரு பூச்சு வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசியும் என்று சொன்னவர் அவர். அந்தப் பூச்சைக் கண்ணாடியாகவே போட்டு, 1956 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகனில் லாரி கர்ட்டிஸ் என்ற மாணவர் ஜெயித்தார். அங்கே இருந்த டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் அடுத்த ஆண்டு அந்த இழைகளால் செய்த குழாயை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். எனக்குப் படிக்கும்போதே குமட்டியது.

அப்புறம்தான் என் கையில் இருக்கும் சமாச்சாரம் வருகிறது. ஜேம்ஸ் கௌ என்று லிவர்பூலில் ஒரு சிறுநீரக சர்ஜன். சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயில் படம் எடுக்கவேண்டும், வெளிச்சம் போதவில்லை என்று ஹாப்கின்ஸிடம் வந்தார். 1870களில் நிட்சே என்ற ஜெர்மன் டாக்டர் இந்தக் குழாயைச் செய்த காலத்திலிருந்து எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்துகொண்டிருந்தார்கள். நீளமான குழாய், உள்ளே காற்று, இடையிடையே சின்னச் சின்ன லென்ஸ்கள். பொட்டு மாதிரி லென்ஸ் சாயாமல் நிற்க உள்ளே இன்னொரு குழாய் செருகவேண்டும். அது வழியை இன்னும் குறுக்கும்.

ஹாப்கின்ஸ் இதை அப்படியே தலைகீழாக்கினார். குழாய் முழுக்கக் கண்ணாடித் தண்டுகள், நடுநடுவே சின்னக் காற்று இடைவெளி. இப்போது காற்றுதான் லென்ஸ்! கேட்டால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். எண்பது ஆண்டு யாருக்கும் தோன்றவில்லையே? கடக்கும் வெளிச்சம் நடுவில் இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணின் (அது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண்) வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, கண்ணாடிக்கு 1.5க்கு மேல். அதிலேயே இரண்டு மடங்குக்கு மேல் லாபம். தண்டு தானாகவே நேராக நிற்கும், செருகு குழாய் வேண்டாம், வழி அகலமாகிறது, அதில் இன்னும் பல மடங்கு.

ஐயோ, கோட்டிங்கை விட்டுவிட்டேன். கொஞ்சம் பின்னால் வாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். கணக்குக்கு 40 பரப்பு என்று வையுங்கள், கடைசியில் கண்ணுக்கு வருவது ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் அவர் ஒவ்வொரு முகத்துக்கும் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சும் போட்டார்.

1959இல் காப்புரிமை. அப்புறம்? பிரிட்டிஷ் கம்பெனிகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1965இல்தான் ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊரில் மருத்துவக் கருவி தயாரிக்கும் கார்ல் ஸ்டோர்ஸ் அவரைச் சந்திக்கிறார். ஸ்டோர்ஸிடம் இன்னொரு பாதி இருந்தது. முன்பெல்லாம் குழாயின் நுனியில் குட்டி பல்பு, உடம்புக்குள்ளே சுடும், சமயத்தில் ஃபியூஸும் போகும். ஸ்டோர்ஸ் 1960லேயே விளக்கை வெளியே வைத்து இழை வழியாக வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தார். இரண்டும் சேர்ந்து 1967இல் சந்தைக்கு வந்தது. இதோ பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். நடுவில் வட்டமாகத் தெரிவது தண்டு. சுற்றிப் பிறை மாதிரி மினுங்குவது இழைகள். ஹாப்கின்ஸ் கை வைத்த இரண்டு விஷயமும் ஒரே குழாயில்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: வளையம். ஸ்கோப்பின் கண் வைக்கும் பகுதி 32 மில்லிமீட்டர். அதை போனில் மாட்ட அடாப்டர் கேட்டால் ஆன்லைனில் சொன்ன விலைக்கு இன்னொரு ஸ்கோப்பே வாங்கலாம். நம் கோவை கணபதி பக்கத்து லேத் அண்ணன் இருக்கிறாரே, பம்ப் வீடியோவில் வந்தவர், அவரிடம் நைலான் ராடைக் கொடுத்தேன். கச்சிதமாக 32க்குக் கடைந்து தந்தார். ஏறவே இல்லை! மறுபடி ஒரு துளி சீவியதும் "டக்" என்று உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன், வீடியோவின் கடைசியில் போடுகிறேன். 350 ரூபாய்!

மாட்டிய கையோடு எங்கள் தையல் மிஷினுக்குள் விட்டேன். அம்மா "சத்தம் வருது, சத்தம் வருது" என்று எத்தனை வீடியோவில் பின்னால் குரல் கொடுத்திருக்கிறார், உங்களுக்கே தெரியும். இந்த ஸ்கோப்பின் பார்வை நேராக இல்லாமல் 30 டிகிரி சாய்ந்திருப்பதால் குழாயைத் திருப்பினாலே பக்கவாட்டில் சுற்றிப் பார்க்கலாம். கொக்கிக்குப் பின்னால், நூல் பிசிறுக்கு நடுவே, உடைந்த ஊசியின் நுனி. வெற்றி!

காதுக்குள் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கூடாது. கண்ட இடத்தில் கிடந்த சாமான், ஸ்டெரைல் கிடையாது. காதுக்கு டாக்டரிடம் போங்கள். வாங்க நினைப்பவர்கள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழையில் கறுப்புப் புள்ளிகள் எத்தனை என்று பாருங்கள், ஒவ்வொன்றும் செத்த இழை. உள்ளே பனி படர்ந்த மாதிரி மங்கல் இருந்தால் சீல் போய்விட்டது, தொடாதீர்கள். வளையத்தின் அளவைக் கீழே போடுகிறேன், உள்விட்டம் 32 என்று மட்டும் சொல்லாதீர்கள், 32.3 கேளுங்கள். ராடு நீங்களே வாங்கிக் கொடுத்தால் 50 ரூபாய் குறையும்.