ஆறு இரவில் வரும்

வணக்கம். திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். அடுப்படியில் நிற்கிறவர்கள் வேலையை நிறுத்த வேண்டாம். புட்டு அவிகிற நேரத்தில் கேட்கக்கூடிய விசயம்தான்.

மலையடிவாரத்தில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கூடாரம் அடித்துத் தங்குவதைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்தார்கள். சாரணர் ஆசிரியராக இருந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை நான் விடாமல் செய்துவருகிற காரியம் இது. பேசக் கேட்டதே பெரிய சந்தோசம்.

கூடாரம் என்ற சொல் நம் மாவட்டத்தில் பலருக்குக் கசக்கும். அது எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்க்காரர் எத்தனை மாதம் கூடாரத்தில் கிடந்தார்கள்! 2006 ஓகஸ்ட் சண்டையில் மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் ஓடிய குடும்பங்களுக்கும் அதே தறப்பாள்தான். நான் முதன்முதல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கூடாரமும் கையுமாகப் புறப்பட்ட அன்று, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓர் அக்கா படலையில் நின்று கேட்டார்: "தம்பி, நாங்கள் தறப்பாளுக்குள்ள கிடந்தது காணாதே? காசு குடுத்துப் போயும் கிடக்கோணுமோ?" எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருசம் அவருடைய பேரன் எங்களோடு வந்தான். விடியற்காலையில் கூடாரத்தின் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, ஆற்றின் மேல் புகை மாதிரிப் பனி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அவனுக்கு இனிக் கூடாரம் என்றால் அந்தக் காலைதான் ஞாபகம் வரும். இதற்காகத்தான் நான் இத்தனை வருசமாக இந்த வேலையைச் செய்கிறேன்.

சரி, எங்கே போவது? நமக்குக் கிட்டின மலையடிவாரம் மாத்தளைப் பக்கம். கந்தளாய், ஹபரண, தம்புள்ள தாண்டி நாவுலயில் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழும்பி நிற்கும். மத்திய மலைநாட்டோடு சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மலை அது. அதன் வடக்கிலும் கிழக்கிலும் இறங்குகிற ஓடைகள் அம்பன் கங்கையில் சேரும், அம்பன் கங்கை மகாவலியில் சேரும், மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி நம்முடைய கொட்டியாரக் குடாவில் விழும். நீங்கள் அங்கே ஓடையில் காலை நனைத்தால் அந்தத் தண்ணீர் பிறகு நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாம் கடலைப் படித்த ஆட்கள். கச்சான் காற்று எப்போது எழும்பும், வாடை எப்போது தொடங்கும், எந்த நிற மேகத்துக்கு வள்ளத்தைக் கரையில் ஏற்ற வேண்டும் என்று நம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளத்தையும் தெரியும், குளம் நிரம்பி வான் பாய்கிற சத்தம் தெரியும். மலையாறு வேறு. கடல் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் அடிக்கும். மலையாறு உங்கள் தலைக்கு மேல் வானம் நட்சத்திரமாய் இருக்கும்போதே பெருகி வரும். மழை பெய்தது இங்கே அல்ல, மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத மலை முதுகில். 'காட்டாற்று வெள்ளம் போல' என்று மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்தச் சொல்லின் பொருள் எனக்கு ஓர் ஏப்ரல் மாதத்தில்தான் விளங்கியது. அதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

நான், என் மச்சான், அவருடைய இரண்டு பையன்கள். நக்கிள்ஸில் ரிவஸ்டனைத் தாண்டி லக்கல பக்கம் இறங்குகிற ஒரு பள்ளத்தாக்கு. மத்தியானம் இரண்டு மணி போல ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். ஆற்றின் வளைவில் ஒரு மணல் திட்டு. பாய் விரித்தது மாதிரிச் சமமான, வெள்ளை மணல். கல் இல்லை, முள் இல்லை, பத்து எட்டு வைத்தால் தண்ணீர். பெரிய மருதமரங்கள் நிழல் போட்டுக்கொண்டு நிற்கின்றன. இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று பையன்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடாரத்தை அடித்தோம். மூன்று கல் வைத்து அரிசி போட்டாயிற்று.

மாலை ஐந்து மணியிருக்கும், அக்கரையிலிருந்து மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி ஒரு பெரியவர் ஆற்றைக் கடந்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். சிங்களத்தில் பேசத் தொடங்கியவர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். இளவயதில் கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். "தம்பி, இங்க படுக்க வேணாம். தண்ணி வரும்" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறொன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மருதமரத்தின் கீழ் நிறுத்தி, மேலே காட்டினார்.

கிளையில் காய்ந்த வைக்கோல் மாதிரி ஏதோ சுற்றியிருந்தது. குருவிக்கூடு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் புல், மூங்கில் இலை, ஒரு சீலைத் துண்டு, எல்லாம் முறுக்கிப் பின்னி ஒரே பக்கமாக, ஆறு ஓடுகிற பக்கமாகச் சீவிவிட்டது போலச் சாய்ந்து கிடந்தன. நான் கையை முழுதாகத் தூக்கினாலும் எட்டாத உயரம். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து, அதைக் கிளையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. பிறகு பார்த்தால் எல்லா மரத்திலும் இருந்தது. ஒரே மட்டத்தில், கயிறு கட்டினது மாதிரி. மூன்று மணி நேரம் அதன் கீழேயே நடந்து திரிந்திருக்கிறோம், எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

அரை வேக்காட்டுச் சோற்றுப் பானையோடு மேலே ஏறினோம். பையன்களுக்குக் கோபம். அந்தப் பெரியவருடைய வயல் வரம்புக்குப் பக்கத்தில், கல்லும் கரடுமான ஒரு மேட்டில் கூடாரத்தை மறுபடி அடித்தோம். ஆறு மணிக்குப் பிறகு மலைப் பக்கம் மட்டும் மின்னியது. இடி கேட்கவில்லை, அவ்வளவு தூரம். ஒன்பதரை மணிக்கு மச்சான்தான் எழுப்பினார். "லொறி வருதா?" என்று கேட்டார். லொறி வருகிற பாதை இல்லை அது. ஆற்றுக்கு அடியில் கற்கள் உருளுகிற சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தோம். மணல் திட்டு இல்லை. மருதமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் நட்சத்திரம். காலையில் இறங்கிப் பார்த்தபோது மணல் அதே மாதிரிப் பாய் விரித்துக் கிடந்தது. அடுப்புக் கல் மூன்றும் இல்லை.

அந்த மணல் ஏன் அவ்வளவு சமமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு வந்து வந்து போய்த்தான் அப்படிச் சமப்படுத்தியிருக்கிறது. படுக்க வசதியாக இருக்கிற அந்த இடம் ஆற்றின் படுக்கை.

ஏப்ரலைச் சொன்னேன். பருவக்காற்று மாறுகிற மாதங்களில், மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், மலையில் மழை பின்னேரத்தில்தான் கட்டும். காலையில் வெயில், இரண்டு மூன்று மணிக்கு மேல் இடிமழை. மேலே பின்னேரம் பெய்கிற தண்ணீர் அடிவாரத்துக்கு வர நேரம் எடுக்கும். அது வரும்போது இருட்டிவிடும், நீங்கள் நித்திரையாய் இருப்பீர்கள். கந்தளாய்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 அன்று குளக்கட்டு உடைந்ததும் விடியுமுன்தான். அது கட்டு உடைந்த கதை, இது மழை வெள்ளம், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தூங்குகிற ஆளிடம் தண்ணீர் வருவது என்றால் என்ன என்று அந்த ஊருக்குத் தெரியும்.

ஆகவே, கூடாரத்தின் முதல் முளையை அடிக்குமுன் மரத்தை அண்ணாந்து பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், வானத்தை அல்ல, மரத்தை. கிளையில் மாட்டிய சருகு எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதற்கு மேலேதான் உங்கள் தலையணை இருக்க வேண்டும். அப்புறம், இருட்டுமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். படுக்கப் போகுமுன் இரண்டு மூன்று தரம் போய்ப் பாருங்கள். துணி நனைந்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். தெளிந்த தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு மாறினாலும், பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் அதே கதைதான். பொருட்களை எடுக்க நிற்க வேண்டாம். கூடாரம் திரும்ப வாங்கலாம்.

அணைக்கட்டுக்கும் மின் நிலையத்துக்கும் கீழே உள்ள ஆற்றில் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும், திறந்துவிடுவார்கள். அங்கே கரையில் படுக்கவே வேண்டாம்.

மேட்டில் படுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் மீனவர்களுக்குத் தெரியும், பகலில் கடலிலிருந்து காற்று வரும், இரவில் தரையிலிருந்து கடலுக்குப் போகும். மலையிலும் அப்படித்தான். பகலில் காற்று பள்ளத்தாக்கில் ஏறும், இரவில் மலை குளிர்ந்ததும் குளிர்காற்று தண்ணீர் மாதிரியே கீழே வழிந்து ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் படுக்கிறவர் இரவு முழுக்க நடுங்குவார். கொஞ்சம் ஏறிப் படுத்தால் குளிரும் குறையும், நுளம்பும் குறையும். உச்சிக்குப் போகவும் வேண்டாம், இடிமின்னலுக்கு அது ஆகாது. வயதான மரத்தின் கீழும் வேண்டாம். காய்ந்த கொப்பு காற்றில்லாமலே விழும்.

இனிக் குளக்கரை. குளத்தில் வெள்ளம் பயமில்லை, யானை பயம். கோடையில் குளம் வற்ற வற்ற, தண்ணீர் விட்டுப்போன ஈரமண்ணில் பச்சைப் புல் முளைக்கும். கூடாரம் அடிக்க மெத்தை மாதிரி இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாவில் யானைகள் கூட்டமாகத் திரளுவது அந்தப் புல்லுக்குத்தான். அது யானையின் சாப்பாட்டுத் தட்டு, அதன் நடுவில் நாம் படுக்கக் கூடாது. மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு தேய்த்த அடையாளம் இருந்தால், அது யானை உடம்பு உரசிய இடம். இலத்தி கிடந்தால் அது யானைப் பாதை. பாதையை விட்டு விலகுங்கள். அன்னாசி, வாழைப்பழம், உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், யானைக்கு மூக்குத்தான் கண். ஊர்ச் சனங்கள் எங்கே குளிக்கிறார்களோ அங்கேயே, வெளிச்சம் இருக்கும்போதே குளியுங்கள். முதலை இல்லாத குளம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மிச்சம். சமையலைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், டின்மீனையும் கட்டச் சம்பலையும் வைத்து ஆற்றங்கரையில் என்னென்ன செய்யலாம் என்று. அதற்கு நேரமில்லை. வேகமாகச் சொல்கிறேன்.

காலையில் கூடாரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் மூச்சு. பூச்சிக்குப் பயந்து எல்லா சிப்பையும் இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள், வலை இருக்கிறது, இரண்டு பக்கமும் துணியைத் திறந்து விடுங்கள். நெருப்பை மூட்டின இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் இன்னும் ஊற்றுங்கள். மலையடிவாரத்து மானாப்புல் பற்றி எரியக் கோடையில் ஒரு பொறி போதும். பிளாஸ்ரிக், போத்தல், எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆற்றில் சவர்க்காரம் போடாதீர்கள், வாளியில் அள்ளிக் கரையில் இருந்து தள்ளிக் குளியுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய சேற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, வனத் திணைக்களத்தின் அனுமதி எடுக்காமல் தங்கக் கூடாது. நம் ஆட்களுக்கு அந்தப் பக்கம் போக நல்ல காலம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை, இங்கே கச்சான் அடிக்கிற நாட்கள்.

புறப்படுமுன் எந்த ஆறு, எந்த ஊர், எப்போது திரும்புவோம் என்று ஒரு துண்டில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், மலைக்குள் போன் வேலை செய்யாது. வெள்ளம், மண்சரிவு என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117. அம்புலன்ஸ் 1990. அந்தத் துண்டின் பின்பக்கத்தில் இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.