கல்லாவில் தொங்கிய சாவி

நேயர்களுக்கு வணக்கம். சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குப் பயன்படும்படி, வாடிக்கையாளரை வரவழைப்பது எப்படி என்று பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். பேசலாம், ஆனால் கழிப்பறையைப் பற்றித்தான் பேசுவேன் என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காலைச் சிற்றுண்டி நேரத்தில் போகிற உரை ஆயிற்றே என்று தயங்கியிருப்பார்கள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில், உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி, 22 ஆண்டுகள் ஒரு சைவ ஹோட்டல் நடத்தினோம். மாமனார் தொடங்கியது. கல்லாவில் பெரும்பாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சாவி. மறதியில் யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று அந்தச் சாவியில் ஒரு பூரிக்கட்டையைக் கட்டி வைத்திருந்தோம். ஆமாம், பூரிக்கட்டைதான். ஒரு பக்கம் தேய்ந்து, சமையலுக்கு ஆகாமல் போனது. அதுதான் எங்கள் கழிப்பறைச் சாவி.

ஒரு பெண் காரிலிருந்து இறங்கி வருகிறார். முன்பின் தெரியாத முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எதிரில் என்னிடம் வந்து சாவி கேட்க வேண்டும். பிறகு பூரிக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லா மேசைகளையும் தாண்டிக் கொல்லைப்புறம் போக வேண்டும். அவர் எங்கே போகிறார் என்பது கடை முழுக்கத் தெரியும். நானும் பெண்தானே, எனக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? பல வருடங்கள் உறைக்கவில்லை. சாவி ஆணியில் இருந்தது, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். கேட்காமலே திரும்பிப் போனவர்களின் கணக்கு கல்லாவில் ஏறாது அல்லவா?

உறைத்தது ஓர் ஆவணி மாதக் காலையில். சமயபுரம் போகிற வேன் ஒன்று வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஒரு வயதான அம்மா, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று கல்லாவில் புதிதாகச் சேர்ந்த பையன். நான் உள்ளே டிகாஷன் இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சாவி கேட்டார். "சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான், பாட்டி" என்றான் பையன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அது எங்கள் சட்டம், நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு பாதி இறங்கியிருந்தவர்கள் மறுபடி ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஹோட்டல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வண்டி வந்தால் கண் தானாகத் தலைகளை எண்ணிவிடும். 14 பேர்.

அரை மணி நேரம் கழித்துப் பால்காரர் வந்தார். அடுத்த ஹோட்டலில் ஒரு வேன் கூட்டம் இறங்கியிருக்கிறது, இட்லி தீர்ந்துபோய் இரண்டாம் ஈடு வைத்திருக்கிறார்கள் என்றார். எங்கள் இட்லி அதைவிட நன்றாக இருக்கும். இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை, பால்காரரே சொல்வார். ஆனால் அந்த 14 பேரும் எங்கள் இட்லியைப் பார்க்கவே இல்லையே!

அன்று இரவு மாமனாரிடம் பேச்சை எடுத்தேன். "நாம் நடத்துவது சாப்பாட்டுக் கடையா, கக்கூஸா அம்மா?" என்று கேட்டார். அவர் கஞ்சர் அல்ல. சித்திரை, வைகாசியில் லாரித் தண்ணீர் வாங்கிக் கடை நடத்தியவர். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், கழிவுநீர் லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டும். அவர் சொன்ன செலவு எல்லாம் உண்மையான செலவு.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாலையில் போகிற வண்டியை நிறுத்தச் சொல்வது யார்?

பசித்தவர் இல்லை. பசித்தவர் அடுத்த ஊர் வரை பொறுத்துக்கொள்வார். சர்க்கரை நோய்க்காரரால் பொறுக்க முடியாது, குழந்தையால் முடியாது. பயணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிச் செய்பவர்கள்தான், எனக்குத் தெரியும். அவர்கள் வாய் திறந்து "எங்கேயாவது நிறுத்துங்கள்" என்று சொல்லும்போது வண்டி நின்றே ஆக வேண்டும். ஒருவருக்காக நிற்கிற வண்டியிலிருந்து அத்தனை பேரும் இறங்குகிறார்கள். இறங்கிய இடத்தில் சாப்பிடுகிறார்கள். நான்கு வழிச் சாலை வந்து நடுவில் தடுப்பு வைத்த பிறகு, தாண்டிப்போன வண்டி திரும்பியும் வராது.

மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆணியைப் பிடுங்கினார்.

பூட்டை எடுத்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் என் பைத்தியம் ஆரம்பமாகிறது. கொக்கி. கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. ஒரு பெண் கைப்பையோடு உள்ளே போகிறார், தோளில் துப்பட்டா, சில சமயம் இடுப்பில் குழந்தை. பையை எங்கே வைப்பார்? ஈரத் தரையிலா? பல்லில் கடித்துக்கொள்வாரா? கட்டுகிறவர் ஆண், கொத்தனார் ஆண், முதலாளி ஆண். கொக்கி யாருக்கும் தோன்றுவதில்லை. பளிங்குக் கல் பதித்து, சென்சார் குழாய் வைத்து, கொக்கியை மறந்துபோன ஹோட்டல்களை நான் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் மிக மலிவாகக் கிடைக்கிற பொருள், ஐயா! கொக்கிக்கு அடுத்தது தாழ்ப்பாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிற கடைக்கு யாரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள். மூன்றாவது, மூடி போட்ட குப்பைத் தொட்டி. அது எதற்கு என்று பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். தரை காய்ந்திருந்தால்தான் சுத்தம். தரை காய வேண்டுமானால் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சரியான சம்பளம், கையுறை, பூட்ஸ் வேண்டும், மற்ற வேலையாட்கள் சாப்பிடுகிற அதே மேசையில் அதே சாப்பாடு வேண்டும். எங்கள் கடையில் அந்த மேசைக்காக ஒரு சின்னச் சண்டையே நடந்தது, அதை இன்னொரு நாள் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

திறந்துவிட்ட பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சும்மா போய்விட்டு வருகிறோமே என்று வருகிறவர்களுக்கே ஒரு கூச்சம். கை கழுவிவிட்டு நேராக வாசலுக்குப் போக முடியாமல் கல்லா பக்கம் திரும்புவார்கள். "ஒரு காபி கொடுங்கள்" என்பார்கள். காபி வந்தால் வடை வரும், குழந்தைக்குக் கடலை மிட்டாய் வரும். ஒன்றும் வாங்காமல் போகிறவர்களும் உண்டு, போகட்டுமே. அடுத்த பயணத்தில் அந்த இடத்தில் நிறுத்துங்கள் என்று அவர்கள்தான் டிரைவரிடம் சொல்வார்கள்.

அதனால்தான் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வசூலிப்பது எனக்குப் பிடிக்காது. காசு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, கூச்சமும் போய்விடுகிறது, காபியும் போய்விடுகிறது. 2017இல் தெற்கு டெல்லி மாநகராட்சி ஹோட்டல்களும் உணவகங்களும் தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. திறக்கச் சொன்னது சரி. நான் அங்கே கடைக்காரியாக இருந்திருந்தால் அந்த 5 ரூபாயை வாங்கியிருக்க மாட்டேன், நஷ்டம் எனக்குத்தான். பொதுக் கழிப்பறை நடத்துகிறவர் கதை வேறு, அவருக்கு வேறு வருமானம் இல்லை. நம்மிடம்தான் காபி இருக்கிறதே! இரவு பஸ்கள் நிற்கிற சாலையோரக் கடைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

மருமகன், தான் வேலை பார்க்கிற அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பக்கீஸ் என்று ஒரு நெடுஞ்சாலைக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். 1982இல் தொடங்கிய நிறுவனம். நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் இருக்கிற அவர்கள் கடையின் கழிப்பறைக்கு 2012இல் அமெரிக்காவின் சிறந்த கழிப்பறை என்று பட்டமே கிடைத்தது. அந்த ஒரு கடையில் மட்டும் 83 கழிப்பறைகள். சாலையோரப் பலகைகளில் அவர்கள் பெருமையடித்துக்கொள்வதே கழிப்பறையைப் பற்றித்தான். உள்ளே ஆள் இருந்தால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, காலியாக இருந்தால் பச்சை. வாசலிலேயே எந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் முதலில் கதவுக்குப் பின்னால்தான் பார்த்தேன். கொக்கி இருந்தது. லாரிகளை மட்டும் உள்ளே விடுவதில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் டீ வியாபாரம் லாரிக்காரர்களை நம்பித்தான் ஓடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். கொக்கியில் நேரம் போய்விட்டது. முகூர்த்தப் பட்டு எடுக்கிற ஜவுளிக் கடையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். மூன்று மணி நேரம் புடவை பார்க்கிற குடும்பத்தைக் கழிப்பறைக்காக ஐந்தாம் மாடிக்கு அனுப்பினால், பாட்டிக்கு முடியவில்லை என்று பாதியில் எழுந்து போய்விடுவார்கள். இதற்கு மேல் விவரிக்க நேரமில்லை.

ஜெர்மனியைச் சொல்லிவிடுகிறேன். ஆலன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கடைக்காரர் தன் கழிப்பறையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டு, வாசலில் ஓர் ஒட்டுப்படம் ஒட்ட வேண்டும். பராமரிப்புக்கு நகராட்சி பணம் கொடுத்துவிடும். புதிதாகக் கட்டி ஆள் போடுவதைவிட நகராட்சிக்கு அது மலிவு. இப்போது அங்கே நூற்றுக்கணக்கான ஊர்களில் அதே ஒட்டுப்படம் இருக்கிறது. நம் ஊர் வணிகர் சங்கங்கள் நகராட்சியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முழங்கால் வலிக்காரர்கள் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஓர் எஃகுக் கம்பி வைப்பது, அதை எந்த உயரத்தில் வைப்பது என்று குறித்துக்கொண்டு வந்திருந்தேன். தம்பி இப்போது ஒரு விரலையும் மடக்கிவிட்டார். கம்பியை மட்டும் வையுங்கள், உயரத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.