உங்களைப் பற்றி யாரிடம் கேட்பார்கள்?

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வந்தாயிற்று, ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங்கும் முடிந்தது, இனி இன்டர்வியூதான் என்று காத்திருக்கும் பிள்ளைகளும் கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோரும் இதைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்ல வந்தது இதுதான்: பயிற்சியில் தவறியதை ஒருபோதும் மறைக்காதீர்கள்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன், முன்பு தேறாத சோதனைகளில் சிலவற்றை விண்ணப்பத்தில் எழுதவில்லை. விமானிகளின் பயிற்சி, வேலைப் பதிவுகளை ஒரே இடத்தில் தொகுக்க 2010இல் சட்டம் வந்தது. விதிகள் முடிவானதோ 2021இல். நடுவில், 2019இல், டெக்சஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூவர் மாண்டார்கள். பயிற்சியை முடிக்காமல் விலகிய வேலைகளை அதன் துணை விமானி மறைத்திருந்தார். அந்தப் பதினோரு வருடத் தாமதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தவறியதை எப்படிச் சொல்வது? எந்தச் சோதனை, எதில் பிசகியது, கூடுதலாக எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள், அடுத்த முறை என்ன ஆயிற்று: நாலு வரி போதும். பயிற்சியாளர் மேல் பழி போடாதீர்கள். தேர்வுக் குழு முதலில் கவனிப்பது அதைத்தான்.

அடுத்து, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கும். அதை அடுத்த பக்கத்துக்கு ஏற்றும்போதுதான் பிழை நுழைகிறது. இரவில் பறந்த நேரமும், விமானத்துக்குப் பொறுப்பேற்றுப் பறந்த பிஐசி நேரமும் அடிக்கடி இடிக்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் உள்ள கணக்கோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். 198 மணியை 200 என்று எழுதுபவரை ரவுண்டாக எழுதியவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு விலகுவதை முன்கூட்டியே சொல்லவேண்டிய நோட்டீஸ் காலம் முக்கியம். டிஜிசிஏ 2017இல் வகுத்தபடி கமாண்டருக்கு, அதாவது கேப்டனுக்கு, ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம். பாதியில் கிளம்பினால் தடையில்லாச் சான்று சிக்கலாகும், பேரும் கெடும்.

பரிந்துரைக்கு யாரைக் கேட்பது? பெரிய பதவியில் இருக்கும் உறவினரை வேண்டாம். உங்கள் பக்கத்து இருக்கையில் பறந்த பயிற்சியாளரோ கேப்டனோதான் வேண்டும். விசாரிப்பவர் பொதுவாகப் பேசிக்கொண்டே வந்து, கடைசியில், "இவரை மறுபடி உங்களிடமே எடுப்பீர்களா?" என்பார். அந்தப் பக்கம் இரண்டு நொடி மௌனம் வந்தால் போதும், விஷயம் முடிந்தது. பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லி, "ஆனாலும் எடுப்பேன்" என்கிறவரின் வார்த்தைக்கு, வெறும் புகழ்ச்சிக் கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

அவர் பெயரைக் கொடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். எந்த நிறுவனம், எந்த விமானம், அவரோடு எந்த மாதங்களில் பறந்தீர்கள் என்று எழுதி, பயோடேட்டாவோடு அனுப்புங்கள். அவருடைய போன் எண் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.