சின்னப் பொண்ணு டாக்டரா? அம்மாவோடு எனக்குச் சண்டை!

வணக்கம் மக்களே! வழக்கம்போல காரில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். கையில் பீடோர் கொய்யா. அசாம்போய் என்ற புளிப்புத் தூள் தொடாமல் எனக்கு இறங்காது, தெரியும்தானே? இன்று சமையல் கிடையாது. நேற்று அம்மாவை நம்ம மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போனேன், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் நம்பர் வந்து கதவைத் திறந்தால், உள்ளே தூடோங், அதாவது தலைமுக்காடு போட்ட ஓர் இளம் மலாய் டாக்டர். அம்மா என் கையைக் கிள்ளுகிறார். "இந்தச் சின்னப் பொண்ணா? பெரிய டாக்டர் இல்லையா?" வெளியே ஓர் அங்கிளும் இதே பாட்டுத்தான். "இப்பதான் படிச்சிட்டு வந்திருக்குங்க, நம்ம மேல பழகுதுங்க" என்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஐந்து வருடம் படித்து, அப்புறம் ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டராக இரண்டு வருடம் பெரிய மருத்துவமனைகளில் தூக்கமில்லாமல் ஓடிவிட்டுத்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள்.

அம்மா ஏன் இப்படி என்று புரியாமல் இல்லை. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே வைத்தியம் என்றால் டிரெசர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர்தான். காய்ச்சலோ வயிற்றுவலியோ, அவர் கலக்கிக் கொடுக்கும் தண்ணி மருந்தை மறுபேச்சில்லாமல் குடிக்க வேண்டும். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது என்றால் பாருங்கள், அவ்வளவு முக்கியமான ஆள். வயதான ஆம்பளை அதட்டினால்தான் நோய் போகும் என்று அம்மா மனதில் பதிந்துவிட்டது.

அட, சொல்ல மறந்துவிட்டேன்! கிளினிக் கட்டணம் ஒரே ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். என்னிடம் இருந்ததோ ஐம்பது வெள்ளித் தாள். கௌண்டரில் சில்லறை இல்லை. வெளியே நாசி லெமாக் வாங்கி மாற்றலாம் என்று போனால், அந்த அக்காவிடமும் இல்லை. கடைசியில் கார் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, இருபது காசாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரு வெள்ளி கட்டினேன் பாருங்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

சரி, டாக்டருக்கு வருகிறேன். அவர் சிரிக்கவில்லை, உண்மை. பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாதத்தைக் கையில் எடுத்தார். மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இடது கட்டைவிரலில் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை! விரலிடுக்கில் ஒரு வெட்டுக்காயம், அதுவும் தெரிந்திருக்கவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும், முந்தின நாள் மட்டும் சோற்றைக் குறைத்துப் பலனில்லை என்றும் பொறுமையாக விளக்கினார்.

டவுனில் அம்மாவுக்குப் பிடித்த பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நரைத்த முடி, வாய் நிறைய "வாங்கம்மா, வாங்க". பாதத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. போனமுறை பில் 95 வெள்ளி, அதில் நாங்கள் கேட்காத ஒரு வைட்டமின் பாட்டில் வேறு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்ததால்தான், அந்தப் பாட்டில் மட்டும் 38 வெள்ளி என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

வயதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. 2017-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைப் பார்த்தார்கள். 40 வயதுக்குக் குறைந்த டாக்டர்கள் கவனித்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தது 10.8 விழுக்காடு, 60 வயதைத் தொட்ட டாக்டர்களிடம் 12.1. ஆனால் நிறைய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும் டாக்டர்களிடம் இந்த வித்தியாசம் இல்லையாம். ஆக, நரைமுடி மட்டும் ஒன்றும் செய்யாது.

ஆண், பெண் விஷயத்தில் மட்டும் நான் அம்மா கட்சி. மார்பில் கட்டி மாதிரி எதையும் அவர் லேடி டாக்டரிடம்தான் காட்டுவார். கேளுங்கள், கௌண்டரிலேயே கேளுங்கள், வெட்கம் வேண்டாம். ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால் மிஸ்ஸி, அதாவது நர்ஸ் ஒருவர் கூட நிற்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அங்கிள்களே, உங்களுக்கும்தான். இனிப்புநீரால் ஆண்களுக்கு வரும் பிரச்சினையை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். ஆண் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மா இன்னும் "அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நாளைக்குக் காயத்துக்குக் கட்டுப்போடப் போகிறோம், அம்மாவும் வருகிறார். உங்கள் வீட்டில் இனிப்புநீர்க்காரர் இருந்தால், கடைசியாக எந்த டாக்டர் பாதத்தைப் பார்த்தார் என்று கேட்டு கமென்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.