இரண்டே மடிப்பில் ஒரு பறவை

வணக்கம் நேயர்களே.

ஒரிகாமி என்ற தாள் மடிப்புக் கலையைச் சொன்னதும் நூறு, இருநூறு படிகளில் மடித்த வண்டும் டிராகனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கு நேர் எதிரான போக்கும் உண்டு. இங்கிலாந்தின் ஒரிகாமி கலைஞர் ஜான் ஸ்மித் 1970களில் ஒரு விதி வகுத்தார்: மடிப்புக்கோடு மேடாக நிற்கும் மேட்டு மடிப்பு, பள்ளமாக இறங்கும் பள்ள மடிப்பு இரண்டு மட்டும்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. இன்னொரு தாள் கலைஞர் பால் ஜாக்சன் ஒரே மடிப்பில் சிற்பமே செய்தார். மடிப்பு குறையக் குறைய, எங்கே அழுத்துகிறோம், எங்கே அழுத்தாமல் விடுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

செய்து பார்க்க இரண்டு மடிப்புப் பறவை ஒன்று சொல்கிறேன். இரண்டாவது மடிப்பில் முனையை இரு அடுக்குக்கும் நடுவே தள்ள வேண்டும், ஸ்மித் விதிப்படி அது செல்லாது, பரவாயில்லை.

160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) டிராயிங் தாள், ஏ3 அளவு. இதிலிருந்து ஒரு சதுரம் வெட்டப் போகிறோம். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளையுங்கள். எந்தப் பக்கம் எளிதில் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் அச்சுதான் தாளின் இழை, அதாவது அதன் நார், ஓடும் திசை. சதுரத்தின் மூலைவிட்டம் இந்தத் திசையில் வர வேண்டும். ஆகவே சதுரத்தைச் சாய்த்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் மடித்த பிறகு ஒரு சிறகில் இழை ஒரு திசையிலும் மற்றதில் குறுக்காகவும் ஓடும். காயும்போது இரண்டும் வேறு வேறு விதமாக வளையும்.

வெட்டுவதற்கு முன்பே ஈரத்துணியால் இருபுறமும் துடையுங்கள். ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்கே அதிகம் விரியும், முன்னரே வெட்டிய சதுரம் கோணிப்போகும். தாள் குளிர்ச்சியாய்த் துவள வேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளத்தால் நீர் அதிகம். மேல்பரப்பு பஞ்சாய்க் கிளம்பும். இந்த ஈர மடிப்பு ஜப்பானின் ஒரிகாமி கலைஞர் அகிரா யோஷிசாவா கண்ட முறை. தாளில் கலந்த பசை ஈரத்தில் இளகி, காயும்போது மறுபடி இறுகும். வளைவு அப்படியே நிற்கும்.

இப்போது 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, மூலைவிட்டத்தில் பாதியாக மடியுங்கள். மடிந்த விளிம்பு கீழே இருக்கட்டும். இடது முனையிலிருந்து முதல் 10 சென்டிமீட்டரை மட்டும் அழுத்துங்கள், மீதி உருண்டையாகவே இருக்கட்டும், அதுதான் வயிறு. அழுத்தம் சட்டென்று நிற்கக் கூடாது, கடைசி 2 சென்டிமீட்டரில் மெல்லக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் சிறகை விரிக்கும்போது அந்த இடத்தில் குழி விழும். விழுந்த குழி போகாது.

அடுத்தது கழுத்து. அதே இடது முனையிலிருந்து கீழ்விளிம்பில் 9 சென்டிமீட்டர், சாய்ந்த விளிம்பில் 4.7 சென்டிமீட்டர். திரும்பவும் சொல்கிறேன்: கீழே 9, சாய்வில் 4.7. இரண்டையும் இணைக்கும் கோட்டில் முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, முனையை இரு அடுக்குக்கும் நடுவே மேல்நோக்கித் தள்ளுங்கள். அலகு சற்று முன்சாய்ந்து வானத்தைப் பார்க்கும், கூவுவது போல. முனையைச் செங்குத்தாக நிறுத்தினால் கழுத்து முழுவதும் உடலுக்குள் மறைந்துவிடும். இன்னும் முன்னே சாய்த்தால் கூவல் போய், எதையோ எட்டிப் பார்க்கும் பறவையாகிவிடும். கோட்டைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே போதும், குணம் மாறும்.

சிறகுகளை விரலால் வெளிப்புறம் வளைத்து, சிறு டம்ளர் வாயில் வயிறு பதியும்படி வைத்து ஓர் இரவு காய விடுங்கள். கழுத்து விரிந்தால் கிளிப் போடலாம், கிளிப்புக்கு அடியில் துண்டுத்தாள் வையுங்கள், தடம் பதியாது. காய்ந்த பறவை மேசையில் தானாக நிற்காது. பாட்டில் மூடியில் உட்கார வைக்கலாம், நூல் கட்டித் தொங்கவும் விடலாம்.