ரியூசன் முடிந்து வந்து கதவைப் பூட்டும் பிள்ளை

வணக்கம் நேயர்களே. ஓட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதிலும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதிலும் பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம், என்றதும் பலருக்குச் சின்னப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சாதாரண தரம், உயர்தரம் படிக்கிறார்கள், வேலை தேடுகிறார்கள். அவர்களின் மனநலம் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன்.

பதினாறு வயதுப் பெடியன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். காலையில் பாட்டும் ஹோர்னுமாக நெரிசல் மினிபஸ். பிறகு பள்ளிக்கூடம். பின்னேரம் ரியூட்டரியில் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து இருக்க வேண்டும், ஆசிரியர் மைக்கில் படிப்பிப்பார். ஓட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சத்தமும் வெக்கையும் வியர்வை மணமும் தாங்க முடியாத வேதனை. இதற்கிடையில் பகிடி விளங்காவிட்டாலும் சிரித்து, கஷ்டப்பட்டு முகம் பார்த்துக் கதைத்து, நாள் முழுக்கச் சமாளிக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அறையைப் பூட்டுகிறான், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததற்குக் கத்துகிறான். "பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை, எங்களிட்டத்தான் கொழுப்பைக் காட்டுகிறான்" என்பார்கள் அம்மாமார். அது களைப்பு, அம்மா. வந்தவுடன் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் விடுங்கள். படிப்புக் கதை தேத்தண்ணிக்குப் பிறகு இருக்கட்டும்.

ஓயாத பயமும் பதற்றமுமான பதகளிப்பும் மனச்சோர்வும் இவர்களுக்கு மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாக வருகின்றன. ஆனால் தன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லப் பலருக்கு வராது. கேட்டால் "தெரியாது" என்பார்கள், வயிற்று நோ என்பார்கள். ஆகவே நித்திரையைக் கவனியுங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட, உயிராய் நேசித்த விடயத்தை விட்டுவிட்டானா என்று பாருங்கள். யாழ்தேவி எந்த ஸ்ரேசனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஒப்புவித்துக்கொண்டிருந்தவன் ரயில் கதையையே நிறுத்திவிட்டால், "அப்பாடா, திருந்திவிட்டான்" என்று சந்தோசப்படாதீர்கள். மனச்சோர்வு அப்படியும் தொடங்கும். பெண் பிள்ளைகளில் ஓட்டிசம் இருப்பதே இன்னும் பிந்தித்தான் தெரியவரும். அடக்கமான பிள்ளை என்ற பெயருக்குள் எத்தனையோ பேர் கவனிப்பாரற்றுப் போகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை.

சாக வேணும் போல இருக்கிறது என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாலும், அதை அப்படியே நம்புங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போகலாம். போவதற்கு முதல் நாளே, சொல்ல நினைப்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் பக்கம் பக்கமாய் எழுதுவார்கள். அந்தக் கொப்பியை அவர்களே வைத்தியரிடம் கொடுக்கட்டும்.

நன்றி, வணக்கம்.